டீச்சர் மாநாட்டுக்குப் போனால் பிள்ளைக்கு என்ன பயன்?

“அம்மா, இன்னிக்கு சயின்ஸ் டீச்சர் வரல. ஏதோ கான்ஃபரன்ஸாம். வேற டீச்சர் வந்து வர்க்ஷீட் கொடுத்தாங்க.”

பள்ளியிலிருந்து வரும் பிள்ளை இப்படிச் சொன்னால், பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி: “தேர்வு நெருங்குற நேரத்துல இது தேவையா?”

நியாயமான கேள்விதான். ஆசிரியர் வகுப்பில் இல்லாத ஒவ்வொரு மணிநேரமும் பிள்ளையின் நேரம். அந்த நேரத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கான மாநாடுகளில் உண்மையில் என்ன நடக்கிறது? அது வகுப்பறைவரை வந்து சேர்கிறதா?

எதற்காக இந்த மாநாடுகள்?

சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சி என்பது பட்டயத்துடன் முடிந்துவிடுவதில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த பிறகும் அது தொடர்கிறது.

ஆசிரியர்கள் ஆண்டுக்கு 100 மணிநேரம்வரை நிபுணத்துவ மேம்பாட்டுக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடு 1998ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இது ஆசிரியருக்கு உள்ள வாய்ப்பு. 100 மணிநேரத்தைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என்பதில்லை.

அந்த நேரம் பல வழிகளில் செலவாகலாம். குறுகிய காலப் பயிற்சி, மேற்படிப்பு, தொழில் நிறுவனங்களில் சில நாள் வேலை அனுபவம், சக ஆசிரியர்களுடன் பாடங்களை ஆராய்வது என்று பட்டியல் நீளும். மாநாடு அவற்றில் ஒன்று.

2010இல் ‘அகாடமி ஆஃப் சிங்கப்பூர் டீச்சர்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். தேசியக் கல்விக் கழகமும் அறிவியல் கல்விக்கென்று அனைத்துலக மாநாடுகளை நடத்தியிருக்கிறது.

நம் பக்கத்திலேயே, மலேசியாவின் பினாங்கில் இருக்கிறது ‘ரெக்சாம்’. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் கீழ் அறிவியல், கணிதக் கல்விக்காக 1967இல் அமைக்கப்பட்ட நிலையம் அது. 2005ஆம் ஆண்டிலிருந்து அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான அனைத்துலக மாநாட்டை ரெக்சாம் நடத்திவருகிறது.

உள்ளே என்ன நடக்கும்?

பெரிய அரங்கில் யாரோ ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பலர் நினைக்கலாம். அப்படி ஒரு பகுதி உண்டு. முழு மாநாடும் அது இல்லை.

பொதுவாக 4 வகை நிகழ்ச்சிகள் இருக்கும்:

- முக்கிய உரை - ஓர் ஆய்வாளர் அல்லது கல்வியாளர் புதிய போக்குகளைப் பற்றிப் பேசுவார்.

- ஆசிரியர்களின் படைப்பு - ‘என் வகுப்பில் இப்படிச் செய்து பார்த்தேன், இது நடந்தது, இது நடக்கவில்லை’ என்று ஆசிரியரே எடுத்துச் சொல்வார்.

- பயிலரங்கு - 20, 30 ஆசிரியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பரிசோதனையைத் தாங்களே செய்து பார்ப்பார்கள்.

- கண்காட்சி - உணர்கருவிகள், ஆய்வுக்கூடச் சாதனங்கள், மென்பொருள்கள் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

இவற்றோடு தேநீர் இடைவேளையையும் சேர்த்துக்கொள்ளலாம். “உங்க ஸ்கூல்ல இந்தப் பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறீங்க?” என்று வேறு பள்ளி ஆசிரியரிடம் கேட்கும் வாய்ப்பு அன்றாட வேலையில் எளிதில் அமைவதில்லை.

ஒரு பேட்டரி, ஒரு வயர், ஒரு பல்ப்

பயிலரங்கில் என்ன கற்றுக்கொள்வார்கள்? ஓர் எடுத்துக்காட்டு.

மேசையில் 3 பொருள்கள் - ஒரு பேட்டரி, ஒரு வயர், ஒரு சின்ன பல்ப். பல்ப் மாட்டும் ஹோல்டர் கிடையாது. “இதை எரியவையுங்கள்.”

கேட்கச் சுலபமாக இருக்கும். அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களிடமே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் தடுமாறினார்கள். 1990களில் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது.

ஏன் தடுமாறினார்கள்? பல்பில் மின்சாரம் போய்வர 2 இடங்கள் இருக்கின்றன. ஒன்று அடிநுனி. மற்றொன்று பக்கவாட்டில் இருக்கும் உலோகப் பகுதி. மின்சாரம் ஒன்றின் வழியாக நுழைந்து இன்னொன்றின் வழியாக வெளியேறினால்தான் சுற்று முழுமையாகும்.

பல்பின் அடிநுனியைப் பேட்டரியின் ஒரு முனையில் வைக்கவேண்டும். பேட்டரியின் மறுமுனையிலிருந்து வரும் வயர் பல்பின் பக்கவாட்டு உலோகத்தைத் தொடவேண்டும். உடனே எரியும்.

‘முழுமையான சுற்று இருந்தால்தான் மின்சாரம் ஓடும்’ என்பது பாடப்புத்தகத்தில் உள்ள வரி. அதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அந்தப் பட்டதாரிகளும். வரி தெரியும், ஆனால் பல்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை.

மின்சுற்று நம் தொடக்கநிலை மாணவர்களுக்கும் உள்ள பாடம். அந்தச் சிக்கலைத் தன் கையால் அனுபவித்த ஆசிரியர், அடுத்த முறை வகுப்பில் பல்பைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் படம் வரையச் சொல்வார்.

பாடம் தெரிந்தவர்களுக்கு இன்னும் என்ன பயிற்சி?

அறிவியல் தெரிவது வேறு. பிள்ளைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிவது வேறு.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக முன்வைத்தார். ஒரு பாடத்தை மற்றவருக்குப் புரியவைக்கத் தேவைப்படும் அறிவு தனி வகையானது என்றார் அவர். பொறியாளருக்கு அது தேவையில்லை. ஆசிரியருக்கு அது இல்லாமல் முடியாது.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 181 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களது மாணவர்களையும் கவனித்தது. மாணவர்கள் எந்தத் தவறான விடையை அதிகம் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்கப்பட்டது.

பாடமும் தெரிந்து, பிள்ளைகளின் தவறான எண்ணமும் தெரிந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பகுதிகளில் அதிகம் கற்றுக்கொண்டார்கள். பாடம் மட்டும் தெரிந்தவர்களின் மாணவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

நம் ஊர் உதாரணம் ஒன்று. காப்பிக்கடையில் ஐஸ் மைலோ வாங்குகிறோம். சற்று நேரத்தில் குவளைக்கு வெளியே தண்ணீர்த் துளிகள். அவை எங்கிருந்து வந்தன?

“உள்ள இருந்து கசிஞ்சு வந்துச்சு” என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. “இல்லை, காற்றில் உள்ள நீராவி குளிர்ந்து நீரானது” என்று ஆசிரியர் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். மனத்துக்குள் பழைய எண்ணம் அப்படியே இருக்கும்.

அனுபவமுள்ள ஆசிரியர் விடையை உடனே சொல்லமாட்டார். “கசிஞ்சிருந்தா துளி என்ன நிறத்துல இருக்கணும்?” என்று கேட்பார். குவளையை மூடி எடை பார்க்கச் சொல்வார். சற்று நேரம் கழித்து மறுபடி எடை பார்த்தால் கொஞ்சம் கூடியிருக்கும். கசிந்து வெளியே போயிருந்தால் எடை கூட வழியில்லை. பிள்ளையே தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்.

எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுதான் மாநாடுகளில் ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் முக்கியமான சரக்கு. அது பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை.

தொழில்நுட்ப ஆசிரியர்களின் நிலை இன்னும் சிரமம்

நியூட்டனின் விதிகள் மாறுவதில்லை. தொழில்நுட்பம் அப்படியா?

‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தை 20 ஆண்டுகளுக்கு முன்பு கற்பிக்கத் தொடங்கிய ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். மரம், உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டப் பழகியவர் அவர். இன்று முப்பரிமாண அச்சு இயந்திரம், லேசர் வெட்டும் கருவி, சிறு கணினிப் பலகை எல்லாம் பட்டறைக்குள் வந்துவிட்டன.

தொடக்கப்பள்ளியிலும் மாற்றம். 2017இல் ‘மைக்ரோபிட்’ என்ற கையடக்கக் கணினிப் பலகை பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது. 2020இலிருந்து உயர்தொடக்கநிலை மாணவர்கள் அனைவரும் ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டத்தின் மூலம் நிரலிடுதலைப் பழகுகிறார்கள்.

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. மாணவர் வீட்டுப்பாடக் கேள்வியை அதனிடம் கேட்டால் சில விநாடிகளில் விடை வருகிறது. சரியான விடையா, இல்லையா? அது சொல்லும் தோரணையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

தவறான விடையையும் அது உறுதியாகவே சொல்லும். அதைச் சோதித்துப் பார்க்க மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியது ஆசிரியர். அதற்கு அவர் முதலில் தாமே அதைப் பயன்படுத்தி, அது எங்கே சறுக்குகிறது என்று பார்த்திருக்கவேண்டும்.

பாதுகாப்பும் இருக்கிறது. லேசர் கருவியில் எந்தப் பொருளை வெட்டக்கூடாது என்று தெரியாமல் மாணவர்களை அதன்முன் நிறுத்தமுடியாது. சில வகை பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுவாயு வரும். இதையெல்லாம் காணொளி பார்த்து மட்டும் கற்றுக்கொள்வது சரிப்படாது.

நாம்தான் முதலிடத்தில் இருக்கிறோமே?

ஆமாம். டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகளில் சிங்கப்பூர் மாணவர்கள் அறிவியலில் முதலிடம் பெற்றனர். தொடக்கநிலை 4 மாணவர்களுக்கு 607 புள்ளி. உயர்நிலை 2 மாணவர்களுக்கு 606 புள்ளி. 2022ஆம் ஆண்டின் பீசா ஆய்விலும் அறிவியலில் 561 புள்ளியுடன் சிங்கப்பூர் முதலிடம்.

அப்புறம் எதற்கு இவ்வளவு பயிற்சி?

புள்ளிகள் சராசரியைக் காட்டும். பின்வரிசையில் உட்கார்ந்து, புரியாமல் தலையாட்டும் பிள்ளையை அவை காட்டுவதில்லை. ஒரே வகுப்பில் துணைப்பாட வகுப்பில் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டு வரும் பிள்ளையும் இருக்கும், முதன்முதலில் கேட்கும் பிள்ளையும் இருக்கும். இருவருக்கும் ஒரே ஆசிரியர்.

துணைப்பாட வகுப்புக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரின் விளக்கம்தான் ஒரே வழி. ஆசிரியரின் திறன் கூடும்போது அதிகம் பயனடைவதும் அந்தப் பிள்ளைதான்.

2 நாள் மாநாடு போதுமா?

போதாது. ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் தேர்ச்சியை உயர்த்துகிறதா என்று அமெரிக்காவில் 2007இல் ஒரு பெரிய மறுஆய்வு செய்யப்பட்டது. 1,300க்கும் அதிகமான ஆய்வுகள் பரிசீலிக்கப்பட்டன. அறிவியல் முறைப்படி நம்பத்தகுந்தவை என்று தேறியவை 9 மட்டுமே.

அந்த ஆய்வுகளில் ஆசிரியர்கள் பெற்ற பயிற்சி சராசரியாக 49 மணிநேரம். அவர்களது மாணவர்களின் முன்னேற்றம் எவ்வளவு? 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் 21 இடம் முன்னேறுவதற்குச் சமம்.

ஆனால் பயிற்சி 14 மணிநேரத்துக்கும் குறைவாக இருந்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

2 நாள் மாநாட்டை நாளுக்கு 6 மணிநேரம் என்று கணக்கிட்டால் 12 மணிநேரம்தான். அதாவது, மாநாட்டுக்குப் போய் வந்து, சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டால் வகுப்பில் ஒன்றும் மாறாமல் போகலாம்.

2017இல் லிண்டா டார்லிங்-ஹாமண்டும் சக ஆய்வாளர்களும் 35 ஆய்வுகளை அலசினார்கள். பலன் தந்த பயிற்சிகளில் சில அம்சங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன:

- பயிற்சி பொதுவான அறிவுரையாக இல்லாமல், குறிப்பிட்ட பாடத்தைப் பற்றியதாக இருந்தது.

- ஆசிரியர்கள் கேட்பதோடு நிற்காமல் தாங்களே செய்து பார்த்தார்கள்.

- சக ஆசிரியர்களுடன் சேர்ந்து கற்றார்கள்.

- வகுப்பில் செய்து பார்த்தபின் கருத்துச் சொல்ல ஒருவர் இருந்தார்.

- பயிற்சி ஓரிரு நாளில் முடியாமல் தொடர்ந்து நடந்தது.

முதல் 3 அம்சங்களை நல்ல மாநாடு தரமுடியும். கடைசி இரண்டும் பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் நடக்கவேண்டும்.

திரும்பி வந்த பிறகு

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து பாடங்களைத் திட்டமிடுவார்கள், முடிவுகளைப் பேசுவார்கள்.

ஜப்பானியர்கள் நீண்டகாலமாகச் செய்துவரும் ‘பாட ஆய்வு’ முறையும் இங்கே பல பள்ளிகளுக்குப் பழக்கமானது. குழுவாக ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பின் பின்னால் நின்று, ஆசிரியரைவிட மாணவர்களையே அதிகம் கவனிக்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் குழம்பினார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு பாடத்தைத் திருத்துகிறார்கள்.

மாநாட்டில் பார்த்த பல்ப் பரிசோதனையோ மைலோ குவளையோ இப்படி ஒரு குழுவிடம் வந்து சேர்ந்தால் ஒரு வகுப்பு மட்டுமல்ல, அந்தப் பள்ளியின் அத்தனை வகுப்புகளும் பயனடையும்.

அது நடக்க என்ன வேண்டும்? நேரம்.

சிக்கலே அங்கேதான். 2018ஆம் ஆண்டின் டாலிஸ் ஆய்வின்படி சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 46 மணிநேரம் வேலை செய்தார்கள். ஆய்வில் பங்கெடுத்த வளர்ந்த நாடுகளின் சராசரி சுமார் 39 மணிநேரம்.

பாடம் நடத்துவது, திருத்துவது, இணைப்பாட நடவடிக்கை, பெற்றோருக்குப் பதில் அனுப்புவது, நிர்வாக வேலை என்று எல்லாம் அதில் அடங்கும். மாநாட்டிலிருந்து திரும்பும் ஆசிரியரின் மேசையில் திருத்தவேண்டிய பயிற்சித்தாள்கள் காத்திருக்கும். புதிய யோசனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். பிறகு அடுத்த தவணைக்கு.

ஆசிரியரை மாநாட்டுக்கு அனுப்புவதோடு பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. திரும்பி வந்தபின் செய்து பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்குவதும் அதே அளவு முக்கியம்.

பெற்றோருக்கும் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது. சில நேரம் நாமே அறியாமல் தடையாக இருக்கிறோம்.

ஆசிரியர் ஒரு மணிநேரம் பரிசோதனைக்குச் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் பயிற்சிநூலில் அன்று ஒரு பக்கமும் நிரம்பியிருக்காது. “இன்னிக்கு ஒண்ணுமே எழுதலையா?” என்று வீட்டில் கேட்டால், அந்தக் கேள்வி ஏதோ ஒரு வழியில் பள்ளிக்குப் போய்ச் சேரும். அடுத்த முறை ஆசிரியர் யோசிப்பார்.

பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் விடைகளை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறோம். சொல் மாறினால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை ஆசிரியர் மட்டும் போக்கிவிட முடியாது.

பெற்றோர் செய்யக்கூடிய சில எளிய காரியங்கள்:

- “இன்னிக்கு எத்தனை பக்கம் முடிச்ச?” என்பதற்குப் பதில் “இன்னிக்கு எது உனக்கு ஆச்சரியமா இருந்துச்சு?” என்று கேட்கலாம்.

- பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமன்றி, “என் பிள்ளை எந்த இடத்துல தப்பாப் புரிஞ்சுக்குது?” என்று கேட்கலாம். நல்ல ஆசிரியரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

- வீட்டில் தமிழிலேயே அறிவியல் பேசலாம். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், புரிந்துகொள்வதற்கு மொழி தடையில்லை.

இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் அடிப்பக்கத்தில் தண்ணீர் சொட்டுகிறதே, அது மைலோ குவளையில் நடந்த அதே விஷயம்தான். அரைத்த மாவை வெளியே வைத்தால் பொங்குகிறது, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அப்படிப் பொங்குவதில்லை. ஏன்? பாட்டிக்கு இது அனுபவத்தில் தெரியும். நுண்ணுயிர்களுக்கு வெப்பம் எவ்வளவு முக்கியம் என்று பிள்ளை வகுப்பில் படிக்கும்போது, அந்த மாவுச்சட்டி நினைவுக்கு வந்தால் போதும்.

சுருக்கமாக

- அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர் மாநாடு விடுமுறைப் பயணம் இல்லை. பிள்ளைகள் எங்கே குழம்புகிறார்கள், அதை எப்படிச் சரிசெய்வது என்று ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் இடம்.

- மாநாடு மட்டும் போதாது. திரும்பி வந்தபின் பள்ளியில் தொடர்ந்து செய்து பார்த்தால்தான் பலன்.

- அதற்குப் பள்ளி நேரம் கொடுக்கவேண்டும். பெற்றோர் கொஞ்சம் பொறுமை காட்டவேண்டும்.

அடுத்த முறை பிள்ளை வந்து “டீச்சர் கான்ஃபரன்ஸுக்குப் போயிட்டாங்க” என்று சொன்னால், 2 வாரம் கழித்து மறக்காமல் கேட்டுப் பாருங்கள்: “டீச்சர் புதுசா ஏதாவது செஞ்சு காட்டினாங்களா?”

“ஆமா, ஒரே ஒரு வயர வச்சு பல்ப எரிய வச்சோம்” என்று பதில் வந்தால், டீச்சர் வராத அந்த ஒரு நாளுக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.